சேர் தூக்கினவர்கள்

அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சீசன் தொடங்கியதும் தெருவைத் திறக்கப் போகிறார்களாம், நான் கட்டாயம் வந்து பார்க்க வேண்டுமாம். தெருவை எப்படித் திறப்பார்கள்? கடையைத் திறக்கலாம், பள்ளிக்கூடத்தைத் திறக்கலாம். இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற தெருவுக்குத் திறப்பு விழா என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

மண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஒட்டன்சத்திரத்தில் என் வீட்டுக்காரர் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். மூட்டையின் வாயருகே பெரிது பெரிதாக உருளைக்கிழங்கை அடுக்கி, அடியில் பொடிசையும் சொத்தையையும் கொட்டிக் கொண்டுவருகிறவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது. எதைக் காட்டினாலும் அடியில் கையை விட்டுப் பார்க்கத் தோன்றும். சம்பந்தி வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தால்கூட மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியிலிருந்துதான் எடுப்பேன். சந்தேகப் பிராணி என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். அவர்கள் ஏமாந்த அளவுக்கு நான் ஏமாந்ததில்லை.

அண்ணனுக்குக் கொடைக்கானலில் பூண்டுக்கடை. எங்கள் அப்பாவை அத்தா என்போம், அத்தா வைத்த கடை அது. பஜாரிலிருந்து இறங்குகிற சரிவில், தகரக் கூரையும் பலகைக் கதவுமாகக் கடைகள் வரிசையாக நிற்கும் குறுகலான தெரு. பள்ளங்கியிலிருந்தும் அதற்கு மேலே உள்ள கிராமங்களிலிருந்தும் பூண்டு அங்கே வந்து இறங்கும். மொத்த வியாபாரம் வேறு பக்கம் நடந்தது. எங்கள் தெருவில் சில்லறைதான். பங்களாக்களில் சமைக்கிற பட்லர்கள் கூடையோடு வந்து ஒரு சேர், அரைச்சேர் என்று வாங்கிப் போவார்கள். சேர் என்பது அந்தக் காலத்து எடை, ஐந்து சேர் கூடினால் ஒரு வீசை. இப்படிச் சேர்க் கணக்கில் விற்றதால் அதற்குச் சேர்த்தெரு என்று பெயர் வந்தது. தராசைக் கையில் தூக்கிப் பிடித்து நிறுப்பதால் அந்தத் தொழிலையே 'சேர் தூக்குவது' என்று அங்கே சொல்வார்கள். உங்க அத்தாவுக்கு என்ன சோலி என்று யாராவது கேட்டால், "சேர் தூக்குறாங்க" என்றுதான் நாங்கள் சொல்லி வளர்ந்தோம்.

அப்புறம் கிலோ வந்தது. பழைய எடைக்கற்களைக் கடையில் வைத்திருப்பதே குற்றம் என்றார்கள். அதிகாரிகள் வந்து வீசைக்கல், சேர்க்கல் எல்லாவற்றையும் சாக்கில் போட்டு எடுத்துப் போனார்கள். சில வருஷங்களில் ஒரு சேர் பூண்டு கொடு என்று கேட்கிற வாயே இல்லாமல் போயிற்று. தெருவின் பெயரில் மட்டும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தெருவின் கட்டிடங்கள் எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம். பெரியவர் காலமான பிறகு அவர் மகன் வந்து பொறுப்பேற்றார். சீமையில் படித்துவிட்டு வந்தவர். அங்கேயெல்லாம் இருநூறு வருஷத்துத் தெருவைப் பழையபடியே புதுப்பித்து வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்களாம். நம் தெருவையும் அப்படி ஆக்கினால் ஏரியைப் பார்க்க வருகிற கூட்டம் இங்கேயும் வரும் என்றாராம். பழைய தெரு என்றால் பழைய தொழில்காரர்கள் இருக்க வேண்டும். ஆதியிலிருந்து இந்தத் தெருவின் தொழிலைச் செய்து வந்த குடும்பங்களுக்குக் கடை உண்டு, மற்றவர்கள் காலி செய்துவிட வேண்டும். இதையெல்லாம் அண்ணன் முந்தின வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னார்.

"அப்படின்னா ஒங்களுக்குக் கவலை இல்லையேண்ணே. அத்தா காலத்துக் கடைதானே" என்றேன்.

"அதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "கடை போனாப் போகுது மச்சான். நம்ம மண்டியில மூட்டை எண்ண ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்னு நானே தேடிக்கிட்டிருக்கேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருடைய கூடப்பிறந்த தம்பியே அந்த மண்டியில் உட்கார்ந்திருக்கிறார், இவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அண்ணனும் அதைப் பார்த்திருந்தார். அன்றைக்கு அண்ணன் இலையில் பாதிச் சோறு மிஞ்சிக் கிடந்தது.

ஆகவே சேதி வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். வெள்ளனே பஸ் ஏறி, திண்டுக்கல்லிலும் வத்தலக்குண்டிலும் மாறி, மலைப்பாதையில் குடலைப் பிடுங்குகிற வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. அண்ணன் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "தங்கச்சி வந்திருக்கு, தெருவப் பாக்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த உற்சாகமே எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் வாய் நிறையப் பேசினால் மனதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

தெரு மினுங்கியது. பலகைக் கதவுகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட். எங்கள் காலத்தில் அந்தக் கதவுகள் பெயிண்டைக் கண்டதில்லை, மழையில் நனைந்து கறுத்துப் போய்த்தான் நிற்கும். ஓரமாக இரும்புக் கம்பங்கள் நட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு வைத்திருந்தார்கள். பழைய காலத்து விளக்காம். நான் பிறந்து வளர்ந்த தெருவில் ராத்திரி யாராவது வெளியே போனால் கையில் அரிக்கேன் எடுத்துப் போவோம், கம்பமாவது விளக்காவது. கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளே திரியும் இல்லை, பல்பும் இல்லை.

"எரியாதாண்ணே?"

"பாக்குறதுக்குத்தான் புள்ள."

தெரு முனையில் பெரிய பலகை தொங்கியது. மேலே இங்கிலீஷில் ஏதோ எழுதி, கீழே தமிழில் 'சேர் தெரு' என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் அதைக் கையால் காட்டி, "பாத்தியா, பேரை மாத்தலை" என்றார். எனக்கும் ஒரு கணம் மனசு இளகிவிட்டது. அத்தாவின் தொழிலைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். நடுவில் 'த்' போடவில்லை என்பது உறுத்தியது. எழுதுகிறவன் மறந்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

பலகைக்குக் கீழே ஒரு நாற்காலி இருந்தது. கைப்பிடியும் சாய்மானமும் வைத்த, மெத்தை தைத்த பெரிய நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் நீளமாக மூங்கிலைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"இது எதுக்கு?"

"வர்றவங்க உக்கார."

"உக்கார்றதுக்கு மூங்கில் எதுக்குண்ணே?"

"நவுத்தி வைக்கத்தான். வெரசா வா, பனி எறங்குது" என்று அண்ணன் நடையைக் கட்டினார்.

கடைக்குள் நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது. பூண்டு வாசனை இல்லை. அந்தக் கடையில் பூண்டு வாசனை இல்லாமல் நான் மூச்சே விட்டதில்லை. முன்பக்கம் முழுவதும் யூகலிப்டஸ் தைலப் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. மலைப்பூண்டெல்லாம் பின்னறையில் சாக்கைப் போட்டு மூடிக் கிடந்தது, கதவும் சாத்தியிருந்தது. அண்ணன் மனைவியை நாங்கள் மச்சி என்று கூப்பிடுவோம். மச்சி எனக்கு டீ கொண்டுவந்து வைத்தது. முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கொல்லைக் கொடியில் சிவப்பு நிறத்தில் நீளமான தலைப்பாகைத் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"யாருக்கு மச்சி இது?"

"விழாவுக்குக் கட்டணுமாம்" என்று சொல்லிவிட்டு மச்சி அடுப்படிக்குப் போய்விட்டது.

எல்லாரையும் வரிசையாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்தேன். முதலாளி கடைசி நேரத்தில் எதையாவது நீட்டிக் கையெழுத்துக் கேட்பாரோ? பக்கத்துக் கடைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து அண்ணனை மட்டும் வெளியே தள்ளப் பார்க்கிறார்களோ? பூண்டை மறைத்து வைக்கச் சொன்னது யார்? அண்ணன் வெள்ளை மனசுக்காரர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார் என்பதுதான் என் கவலை.

காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெரு முனைக்குப் போனேன். விழாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒருவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை உருப்போட்டுக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு வைத்த கைடு அவர், மதுரைப் பக்கத்துக்காரர். கேட்க ஆள் கிடைத்ததும் என்னிடமே ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடிங்க, வெள்ளைக்காரத் துரைமாரு, துரைசானிமாரு எல்லாரையும் அடிவாரத்துல இருந்து சேர்ல உக்கார வச்சு, நாலு பேர் தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் மலையேறுவாங்க. அப்படிச் சேர் தூக்குனவங்க குடியிருந்த தெரு இது. அதான் சேர் ஸ்ட்ரீட். அவங்க வாரிசுங்க இன்னமும் இங்கனயே இருக்காங்க. நீங்களும் சேர்ல உக்காந்து ஒரு ரவுண்டு போகலாம், போட்டோ எடுத்துக்கலாம்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டேன். அந்த முதலாளியை ஒரு நாளாவது யாராவது கடைக்குப் போய் ஒரு சேர் பூண்டு வாங்கி வா என்று அனுப்பியிருப்பார்களா? சேர் என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் உட்காருகிற சேர்தான். கொடைக்கானலில் நாற்காலியை யார்தான் நாற்காலி என்று சொல்கிறார்கள்? எடைக்கல்லை எடுத்துப் போனவர்கள் ஒரு கல்லையாவது விட்டு வைத்திருந்தால் அவர் தலையில் தூக்கிப் போட்டு இதுதான் சேர் என்று காட்டியிருக்கலாம்.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. நாற்காலியில் ஆள் தூக்கியவர்கள் இருந்தது உண்மைதான். நாங்கள் அதை டோலி என்போம். அவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். அந்தப் பழைய நடைபாதையில் தோல் உரிய உரியத் தூக்கி வந்து இறக்கிவிட்டு, அன்றைக்கே திரும்பி இறங்கினவர்கள். தூக்கிப் பிழைத்ததில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பட்ட பாட்டை எங்கள் பெயரில் எழுதிவிட்டு, எங்கள் அத்தா பட்ட பாட்டை இல்லாமலே ஆக்கிவிட்டார்களே. பனிக்குளிரில் விறைத்துப்போன விரல்களால் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். அவர் எந்தத் துரைசானியைத் தூக்கினார்?

இதை அண்ணன் அறியவில்லை, அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அண்ணன் கண்ணாடி முன் நின்று சிவப்புத் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கெட்டது போங்க. அவுங்க சொல்ற சேர் நம்ம சேர் இல்ல. நாற்காலி! நம்மளை நாற்காலி தூக்குனவங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

அண்ணன் திரும்பவில்லை. தலைப்பாகையின் நுனியைச் செருகினார்.

"தெரியும்" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மொத நாளு அவரு வந்து, ஒங்க குடும்பம் இங்க என்ன பண்ணுச்சுன்னு கேட்டாரு. வாயில வந்ததச் சொன்னேன், எங்க அத்தா காலத்துல இருந்து சேர் தூக்குறோம்னு. ஒடனே அவரு மொகம் மலந்து போச்சு. வாங்க வாங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. தோளைத் தொட்டுப் பாத்தாரு. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

"வெளங்குனா சொல்ல வேண்டியதுதானே?"

"என் கண்ணு முன்னாடியே எதுத்த கடைக்காரருகிட்ட அவரு சொன்னாரு, பூண்டு நாத்தம் அடிச்சா டூரிஸ்ட் நிப்பானான்னு. எதுத்த கடையப் பாத்தியா இன்னைக்கு? அவரு காலி பண்ணிட்டுப் போயிட்டாரு, இப்ப எவனோ கம்பளி விக்கிறான். பூண்டுக்கடைக்காரன் நான்னு சொல்லிருந்தா நானும் போயிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "போயி எங்க நிப்பேன்? ஒன் வீட்டுக்காரரு மண்டியிலயா?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் சந்தேகப்பட்ட நான், எதிரே நின்ற அண்ணனை மட்டும் அப்பாவி என்று முடிவு கட்டியிருந்தேன். அடியில் கைவிட்டுப் பார்க்கிறவள் என்று எனக்கு என்ன பெருமை!

ஆனாலும் என்னால் விட முடியவில்லை. "அத்தாவ நாற்காலி தூக்குனவராக்கிட்டீங்களே. நான் போயி அந்த மொதலாளிகிட்ட நெசத்தச் சொல்லப் போறேன். ஒங்களை அவரு காலி பண்ணச் சொன்னா, நம்ம அத்தா பேரோட போவோம்."

மச்சி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் என்னைத் தடுக்கவில்லை. "சொல்லு. ஒன் வாய யாரு கட்டுனா" என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நானும் பின்னாலேயே போனேன். தெரு முனையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேளம் அடித்தார்கள். ரிப்பனை வெட்டினார்கள். முதலாளி கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் போலவும் தெரியவில்லை. அவர் சொன்ன கதையை அவரே முழுசாக நம்பிக்கொண்டிருந்தார். பொய்யென்று தெரிந்து சொல்கிறவனை எனக்குப் பிடிக்கும், அவனை மடக்கலாம். நம்பிச் சொல்கிறவனை என்ன செய்வது?

சென்னையிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒரு அம்மாளை முதல் ஆளாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கனத்த உடம்பு, பட்டுப்புடவை, மடியில் கைப்பை. மூங்கிலின் முன்பக்கம் அண்ணனும் தையல்கடைக்காரரும், பின்பக்கம் இன்னும் இரண்டு கடைக்காரர்கள். எல்லாருக்கும் சிவப்புத் தலைப்பாகை. அவர்களில் ஒருத்தர்கூட அதுவரை நாற்காலி தூக்கியிருக்க மாட்டார். தையல்கடைக்காரர் மூங்கிலை எந்தத் தோளில் வைப்பது என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்து விழித்தார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளியின் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தேன். ஐயா, சேர் என்பது எடை. எங்கள் அத்தா பூண்டு நிறுத்தவர். அவ்வளவுதான். இரண்டு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் இருந்த அம்மாள் பயந்துபோய்க் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். "இருங்க இருங்க. ஒரு பக்கமா சாய்ச்சுட மாட்டாங்களே? இவங்களுக்கெல்லாம் பழக்கம் உண்டா?"

"பரம்பரைத் தொழில் மேடம்!" என்றார் முதலாளி. யாரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று சுற்றிப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன். அண்ணன் என்னைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். "இதோ, முன்னால நிக்கிறவரோட தங்கச்சி. இவங்க அப்பாவே இந்தத் தெருவுல சேர் தூக்கினவர். நீங்களே சொல்லுங்கம்மா."

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அந்த அம்மாள் நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தார். கடைவாசலில் மச்சி நின்றது. அண்ணன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்துக் குனிந்திருந்தார். தலைப்பாகைக்குக் கீழே அவருடைய பின்கழுத்து முடி நரைத்திருந்தது. முந்தின வருஷம் இலையில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தபோதும் இப்படித்தான் குனிந்திருந்தார்.

"அப்படியாம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். "எங்க அத்தா தூக்குனாங்கன்னா ஒரு பக்கமும் சாயாதுங்க."

கூட்டம் கை தட்டியது. மேளக்காரர்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். நாற்காலி இன்னும் தரையில்தான் இருந்தது. அதற்குள் அண்ணனின் தோள் நடுங்கிற்று.